சாட்சி சொல்லி முடித்த பிறகு: சுவிசேஷம் ஒரு விசுவாசியிடம் எதை மாற்றுகிறது?

புளியந்தோப்பு (பாலக்கோடு) – இழையைத் தொடங்கியவர்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம். பெரும்பாலான சாட்சிகள் ஒரே வார்ப்பில்தான் வரும். குடி, கடன், ஒரு விபத்து அல்லது நோய், யாரோ வந்து ஜெபித்தார்கள், அன்றிலிருந்து விடுதலை. நாங்கள் அல்லேலூயா சொல்வோம், அடுத்தவர் மைக்கை வாங்குவார். கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மேடையில் நிற்பவர்களில் பலர் உண்மையிலேயே செத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போவதை என் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் "அன்றிலிருந்து" என்ற இடத்தில் கதை நின்றுவிடுகிறது. பழையவைகள் ஒழிந்துபோயின என்று பவுல் எழுதினார். எங்கள் பக்கத்தில் ஒழிந்தவற்றின் பட்டியலில் சாராயம் இருக்கிறது, புகையிலை இருக்கிறது, சினிமாகூட இருக்கிறது. வட்டிக்கு விடுவது இல்லை. வரதட்சணை இல்லை. பெண் பார்க்கும்போது முதலில் என்ன சாதி என்று விசாரிப்பது இல்லவே இல்லை. மேடையில் சொல்ல முடியாத இந்த மாற்றங்களை யாராவது கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், அது வாரம்தோறும் கிடைக்கிறது.

ஜீவநதி

ஆமென். ரோமர் 1:16. விசுவாசிக்கிறவன் எவனோ அவனுக்கு இரட்சிப்பு உண்டாவதற்கு அது தேவபெலனாயிருக்கிறது.

புளியந்தோப்பு

பிரதர், வசனம் தெரியும். பார்த்ததைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி (தருமபுரி)

நான் செவிலியர். குடியை விட்ட சாட்சிகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், தலைப்பிலிருந்து சற்று விலகினாலும் பரவாயில்லை.

பல வருடம் தினமும் குடித்த ஒருவர், கூட்டத்தில் தொடப்பட்டு, அன்றிரவே நிறுத்திவிடுகிறார். மனம் மாறியது நிஜம். உடம்புக்கு அது தெரியாது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், ஆளைப் பிடிக்க நான்கு பேர் வேண்டும். இதைப் பிசாசின் எதிர்ப்பு என்று எண்ணி, உபவாச ஜெபம் என்ற பெயரில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்து, கடைசியில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது. முறையாக மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடுவார்.

போதகர்கள் இதை வாசித்தால்: ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வார்டில் வந்தும் ஜெபிக்கலாம், நாங்கள் தடுப்பதில்லை. பார்வையாளர் நேரத்தில் மட்டும் வாருங்கள்.

ரூத்தின் மாமியார்

செவிலியர் அக்கா சொன்னது உண்மை. என் கணவர் அந்த மூன்றாம் நாளைப் பார்த்தவர். பிழைத்தார், குடியைத் தொடவில்லை, அதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்து நடந்ததை எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். குடித்த காலத்தில் அவர் என்னைக் கவனிக்கவே மாட்டார். விட்ட பிறகு எல்லாவற்றையும் கவனிக்க ஆரம்பித்தார். தலையில் ஏன் பூ? காதில் ஏன் கம்மல்? பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஏன் அவ்வளவு நேரம் பேச்சு? முன்பு கையால் அடித்தார், இப்போது வசனத்தால். சபையில் அவர் பேர் பெற்ற ஊழியக்காரர். வீட்டில் நாங்கள் முன்பைவிட அமைதியாக இருந்தோம், பயத்தில்.

அவர் முதன்முதலில் மன்னிப்புக் கேட்டது மேடையில், மைக்கில். "என் மனைவியை அடித்த பாவி நான்" என்றார், எல்லோரும் அழுதார்கள். என்னிடம் அவர் கேட்டதே இல்லை. இதை ஒருநாள் நேராகவே அவரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுவாரம் என்னை அழைத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனார். என் தம்பியை ஒருமுறை தெருவில் வைத்து அடித்திருக்கிறார். அவனிடம், அவன் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, மன்னிப்புக் கேட்டார். தம்பி "சரி மாமா, உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னான். எனக்கு அவர் இரட்சிக்கப்பட்ட நாள் அதுதான். ஞானஸ்நானச் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறது.

பூ வைப்பதைப் பற்றி இப்போதும் முணுமுணுப்பார். வைத்துக்கொள்கிறேன்.

கருப்புச்சட்டை (அரூர்)

நான் எந்தக் கடவுளையும் கும்பிடாதவன். என் தாய்மாமன் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்தார், அப்படியே குடியை விட்டார். என் நண்பனின் அப்பா மேல்மருவத்தூருக்குப் போய் விட்டார். எங்கள் தெருவில் ஒருவர் கல்லீரல் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பயந்தே விட்டார். அப்படியென்றால் உங்கள் சுவிசேஷத்தில் மட்டும் என்ன தனிச் சக்தி? மனிதன் ஒரு கூட்டத்தில் சேர்ந்து, நான்கு பேர் பார்வையில் வாழ ஆரம்பித்தால் திருந்துவான். அந்தக் கூட்டம் எதுவாக இருந்தாலும் சரி.

இன்னொன்று: சகோதரி எழுதியதுதான் இந்த இழையிலேயே நேர்மையான பதிவு. அதையும் "அல்லேலூயா" போட்டு மூடிவிடாதீர்கள்.

பழையபேட்டை லூத்தரன் (கிருஷ்ணகிரி)

தம்பி கருப்புச்சட்டை, நல்ல கேள்வி. குடியை விடுவது சுவிசேஷத்துக்கு மட்டும் சொந்தமான அற்புதம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியபோது ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் வழக்கங்களிலிருந்துதான் பலவற்றை எடுத்துக்கொண்டது. இன்று எந்த மதத்தவரும் அதில் சேர்ந்து குடியை விடுகிறார்கள். அதன் 12 படிகளில் எட்டாவது, யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதுவது. ஒன்பதாவது, அவர்களிடம் போய்ச் சரிசெய்வது. மேலே அந்த அம்மா எழுதியது இதுதான்.

தனித்தன்மை எங்கே என்று கேட்டால் நான் சகேயுவிடம் போவேன். எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரர் தலைவன் அவன். மரத்தின்மேல் இருந்தவனை அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்கிறார் இயேசு. அந்த நேரத்தில் அவன் ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. திருந்தினால் வருகிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டார், ஊரார் முணுமுணுத்தார்கள், அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். மோசேயின் சட்டப்படி, தானாக ஒப்புக்கொண்டவன் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். அவன் எந்தச் சட்டத்தையும் பார்த்துக் கணக்குப் போடவில்லை. விரதத்தில் நாம் ஒழுங்காக இருந்து கடவுளை அடைகிறோம். இங்கே அவர் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஒழுங்கு பின்னால் வருகிறது. சில வீடுகளில் வெகுகாலம் கழித்து வருகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மிசூரி லூத்தரன் மிஷனின் இந்தியப் பணி தொடங்கியது நம் கிருஷ்ணகிரியில்தான், 1895-இல், தியோடர் நேதர் என்ற மிஷனரி மூலம். 1904-இல் அவர் பிளேக் நோயில் இறந்தார். மிஷனரி என்றதும் ரொட்டியும் பால்பவுடரும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை (காவேரிப்பட்டணம் பக்கம்)

சகேயு பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை, ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். முதலாளி பெயரும் மண்டி பெயரும் கேட்காதீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பெங்களூரா என்கிற தோத்தாபுரிதான் அதிகம், கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிற காய். சீசன் உச்சத்தில் லாரியும் டிராக்டரும் வரிசையில் நிற்கும். காயைப் பறித்துவிட்டால் விவசாயியால் காத்திருக்க முடியாது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சரக்கு வாடும். அந்த அவசரம்தான் மண்டிக்காரன் பிடி. எடை போட்டபின், அடிபட்டது, அழுகியது, காம்பு என்று டன்னுக்கு இவ்வளவு கிலோ என்று கழிவு பிடிப்பார்கள். கொஞ்சம் கழிவு நியாயம்தான். எவ்வளவு என்பதை மண்டிக்காரன் முடிவு செய்வான், சீட்டில் நிகர எடை மட்டும் இருக்கும். விவசாயி சண்டை போட்டால், "வேறு மண்டிக்குக் கொண்டுபோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் முதலாளி வயதான காலத்தில் ஞானஸ்நானம் எடுத்தார். முதலில் மண்டியில் சாமிப் படங்களை எடுத்தார், வசன காலண்டர் மாட்டினார். எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, கழிவு அப்படியே ஓடியது. அடுத்த சீசனுக்கு முன்னால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பழைய பேரேடுகளை எடுக்கச் சொன்னார். பரணில் இருந்து கரையான் அரித்ததும் அரிக்காததுமாக இறக்கினேன். மாலையில் எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் யாரிடம் நியாயமான அளவுக்கு மேல் பிடித்தோம் என்று பார்த்தோம். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம், ஏனென்றால் எழுதியது என் கை. அவர் ஒரு பக்கத்தைத் திருப்புவார், விரலால் ஒரு பெயரைத் தொட்டு, "இவன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த வருடம் இது" என்பார். விலைக்கும் எடைக்கும் பின்னால் இருந்த ஆட்களெல்லாம் அவருக்கு நினைவில் இருந்திருக்கிறார்கள். இத்தனை நாள் அவரை மறதிக்காரர் என்று நினைத்திருந்தேன்.

பணத்தைக் கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நாலத்தனை எல்லாம் இல்லை, எடுத்தது மட்டும்தான். அதற்கே ஒரு மனையை விற்றார். வாங்கியவர்கள் காலில் விழுந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. ஒருவர், "எந்தக் கட்சியில் நிற்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த வருடம் இன்னொரு லோடும் வந்ததே, அது எங்கே என்றார். தேடினோம். வந்திருந்தது. அதற்கும் கொடுத்தார். ஒரு பாட்டி மட்டும் வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்காரர் இறந்துபோனார், அவர் திட்டிக்கொண்டே செத்தார், இப்போது எனக்கு எதற்கு என்றார். முதலாளி அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மற்ற மண்டிக்காரர்களுக்குக் கடும் கோபம். எங்கள் தொழிலையே காட்டிக்கொடுத்துவிட்டான் என்றார்கள். அவருடைய சபையிலும் எல்லோருக்கும் இனிக்கவில்லை. அந்த மனையைச் சபைக் கட்டடத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு மூப்பர் என் காதுபடவே சொன்னார். கருப்புச்சட்டை ஐயா, கூட்டத்தின் பார்வையில் திருந்துவான் என்றீர்கள். இந்த விஷயத்தில் எந்தக் கூட்டமும் அவரைப் பாராட்டவில்லை.

புளியந்தோப்பு

இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன். நன்றி ஐயா.

எலத்தகிரி பேரன்

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊரில் மைக் பிடித்துச் சாட்சி சொல்லும் வழக்கம் கிடையாது. எந்த நாளில் இரட்சிக்கப்பட்டாய் என்று பெங்களூரில் என் அறைத்தோழன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்த சில வாரத்தில் ஞானஸ்நானம், விவரம் தெரிந்ததும் புதுநன்மை (முதல் நற்கருணை), அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது எங்களுக்குப் புதிதல்ல. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, திருட்டைச் சொன்னால், திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்பது திருச்சபையின் பழைய போதனை. என் தாத்தா, பக்கத்து நிலத்து வரப்பைத் தள்ளிப் போட்டதை ஒரு தபசுக் காலத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். சாமியார் செபமாலை சொல்லச் சொல்லவில்லை. போய் வரப்பைப் பழைய இடத்தில் போடு என்று அனுப்பிவிட்டார். தாத்தா இரவோடு இரவாகப் போட்டார், பகலில் போட மானம் இடம் கொடுக்கவில்லை.

வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. 1792-இல் இந்தியா வந்து மைசூர்ப் பகுதியில் உழைத்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, 1823-இல் ஊர் திரும்பிய கையோடு கடிதங்களை வெளியிட்டார். இந்துக்களை மெய்யாக மனந்திரும்பச் செய்வது நடக்காத காரியம் என்பது அவர் முடிவு. நம்மைப்போல் உடுத்தி, நம்மைப்போல் உண்டு, முப்பது ஆண்டு வாழ்ந்த மனிதர் அப்படி எழுதினார். தோற்றுப்போனவரின் சலிப்பு அது என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும் விதத்தைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஊருக்குத் தெற்கே (பென்னாகரம் வட்டம்)

கடைசி வரியை எழுதினீர்களே, நன்றி. நான் காலனிக்காரன். எங்கள் அப்பா விசுவாசத்துக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த பெரிய மாற்றம் என்ன தெரியுமா? போதகர் வீட்டு நாற்காலி. ஊருக்குள் யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காராத மனிதர். சாகும்வரை அந்த நாற்காலியைப் பற்றிப் பேசினார். சுவிசேஷத்துக்கு வல்லமை இல்லை என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் கேட்கமாட்டேன், நாங்கள் நிமிர்ந்ததே அதனால்தான்.

அதே சபையில் என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது, கூடவே முழங்கால்படியிட்ட குடும்பங்கள் எல்லாம் "ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, யூதர்கள் வந்ததும் விலகிக்கொண்டான். பவுல் எல்லோர் முன்னிலும் அவனைக் கண்டித்தான். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். இந்தப் பகுதியில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

சான்றிதழ் கதை வேறு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதி. பிறகு 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் ஆனால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். சாதி மட்டும் போகாது, சலுகைதான் போகும். அதனால் ஞாயிறு சபையில் இருக்கிற பலர் தாலுகா அலுவலகத்தில் இந்து. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், இப்படிச் செய்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று தீர்ப்புச் சொன்னது. பொய் சொல்லாதே என்று போதிக்கிற அண்ணன்மாரே, எங்கள் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையையும் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். நான் என் மகளுக்குக் கிறிஸ்தவர் என்றே வாங்கினேன். என் தம்பி வாங்கவில்லை. அவன் என்னைவிடக் குறைந்த விசுவாசி என்று நான் சொல்லமாட்டேன்.

நெறியாளர்

மதமாற்றச் சட்டம், இட ஒதுக்கீட்டு அரசியல் இரண்டுக்கும் தனி இழைகள் உள்ளன. சிறுபான்மையினர் பற்றியும் பெரும்பான்மையினர் பற்றியும் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காரணம் எழுதியவர்களுக்கே தெரியும்.

நூலகத்து நாற்காலி (ஓசூர்)

ஊருக்குத் தெற்கே நண்பருக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஜான் நியூட்டனைப் பற்றிச் சொல்கிறேன், இழைக்குப் பொருந்தும்.

உலகம் முழுக்கப் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்ற கிருபைப் பாடலை எழுதியவர். அடிமை வியாபாரி, புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், அடிமை ஒழிப்புக்குப் போராடினார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். தேதிகளைப் பாருங்கள். புயல் 1748 மார்ச்சில். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரே ஆனார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார், கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கோடு கிடந்தார்கள். 1754-இல் கடல் தொழிலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான். 1764-இல் குருவானார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் சிறுநூல் வெளியிட்டது 1788-இல். கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்தச் சில நாட்கள் போதுமானதாக இருந்தது. கீழ்த்தளத்தில் கிடந்தவன் சகோதரன் என்று வெளிப்படையாக எழுத நாற்பது ஆண்டு ஆனது.

பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு இரண்டு தடவை தொட்டதாக மாற்கு எழுதுகிறார். முதல் தொடுதலில் மனிதர்கள் நடக்கிற மரங்களைப்போலத் தெரிந்தார்களாம். நம் சபைகளில் பெரும்பாலும் முதல் தொடுதலோடு மைக்கைக் கொடுத்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

ஊருக்குத் தெற்கே

நல்ல விளக்கம் அண்ணா. கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு அந்த நாற்பது ஆண்டில் என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

நூலகத்து நாற்காலி

ஆமாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கருப்புச்சட்டை

கணக்குப்பிள்ளை சொன்ன முதலாளியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். யாரும் பார்க்காத, யாரும் பாராட்டாத, தொழிலுக்கும் நஷ்டமான ஒன்றை ஒருவர் செய்தால் அதற்கு என் விளக்கம் போதவில்லைதான். கடவுள் என்று நான் சொல்லிவிட மாட்டேன், மனசாட்சி என்பேன். ஆனால் அந்த மனசாட்சி அவரிடம் அறுபது வருடம் சும்மா இருந்துவிட்டு அப்போது ஏன் எழுந்தது என்று என் மனைவி கேட்கிறாள். அவள் பக்கம் இங்கே ஆட்கள் அதிகம் இருப்பீர்கள்.

ஒரு கேள்வி, கணக்குப்பிள்ளை. இப்போது அந்த மண்டியில் கழிவு எவ்வளவு?

கணக்குப்பிள்ளை

முதலாளி இப்போது தொழிலுக்கு வருவதில்லை, மகன் பார்க்கிறார். மகனும் அதே சபைதான், ஆராதனையில் கிதார் வாசிக்கிறார். அவர் வந்த இரண்டாவது சீசனிலேயே கழிவு கொஞ்சம் ஏறியது, மற்ற மண்டிகளோடு போட்டி போட முடியவில்லை என்றார். பெரியவர் காதுக்குப் போயிற்று. வந்து சத்தம் போட்டார். கடைசியில் ஒரு ஏற்பாடு: கழிவு பிடிக்கலாம், ஆனால் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றையும் சீட்டில் தனித்தனியாக எழுதி விவசாயி கையில் கொடுக்கவேண்டும். அப்படித்தான் நடக்கிறது. சீட்டைப் பார்த்துவிட்டுச் சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள், மகனுக்கு அதில் வருத்தம். எனக்கு எழுத்து வேலை மூன்று மடங்கு.